சென்னைக்கு ஒரு சால்வை: நூல், கண்ணி, நிறம்

சென்னையில் சால்வை எங்கே தேவைப்படுகிறது? மார்கழி சபாவில் ஏ.சி. காற்று நேரே கழுத்தில் இறங்கும் இருக்கையில், அலுவலகத்தில், இரவு ரயிலின் ஏ.சி. பெட்டியில், எப்போதாவது ஊட்டியிலோ கொடைக்கானலிலோ. வெளியே வந்த அடுத்த நிமிடம் அதைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைக்கவேண்டும். மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் இந்த ஊர்ச் சால்வை எடை குறைவாக இருக்கவேண்டும், தோளில் நன்றாக விழவேண்டும், உள்பக்கம் தெரிந்தாலும் பார்க்கும்படி இருக்கவேண்டும். கதகதப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சால்வையைக் கையால் பின்ன இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன்களில் (பின்னல் குறிப்புகளில்) பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் கம்பளி நூலை மனதில் வைத்து எழுதியவை. அதே ஊசி, அதே கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) எண்ணிக்கையோடு பருத்தியில் பின்னினால் சால்வை விறைத்து நிற்கும், அல்லது சொந்த எடையில் தொங்கி நீளும். பின்னியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார். கையில் ஒரு குறையும் இல்லை. நூல் மாறினால் ஊசியும் கண்ணியும் அளவும் கூடவே மாறவேண்டும். பேட்டர்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு நூல் தேடுவதைவிட, நூலைக் கையில் வைத்துக்கொண்டு டிசைனை யோசிப்பது நல்லது.

நூல்

சால்வை என்றதும் காஷ்மீர் நினைவுக்கு வரும். ஆனால் பஷ்மினாவும் கானியும் தறியில் நெய்தவை. ஊசியால் பின்னிய சால்வைக்குப் பேர்போன ஊர்கள் வேறு: ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகள், ரஷ்யாவின் ஒரென்பர்க், எஸ்தோனியாவின் ஹாப்சாலு. மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கக்கூடிய சால்வைகள் ஷெட்லாண்டிலும் ஒரென்பர்க்கிலும் பிறந்தவை. மிக மெல்லிய நூலை அதன் கனத்துக்குப் பெரியதான ஊசியில் பின்னுவதுதான் அங்கே வழக்கம். நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது இந்த விகிதத்தை. அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததும் ஒன்று உண்டு. ஆட்டு ரோமத்துக்குச் சுருளும் மீள்தன்மையும் இருக்கின்றன. நனைத்து இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் லேஸ் (ஓட்டை ஓட்டையான பின்னல் வேலைப்பாடு) விரிந்து அப்படியே நிற்கும். பருத்தி அப்படி நிற்காது.

பருத்தி நாரின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறக்குறைய 1.5 கிராம், கம்பளியினுடையது 1.3. போதாக்குறைக்குக் கம்பளி காற்றைப் பிடித்து உப்பி நிற்கும், பருத்தி அடங்கிப் படியும். எனவே ஒரே அகல நீளச் சால்வை பருத்தியில் கனமாகத்தான் வரும். நான் வைக்கும் வரம்பு 200 கிராம். அதைத் தாண்டிய பருத்திச் சால்வை தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 330 முதல் 400 மீட்டர் வரை இருந்தால் சால்வைக்கு ஏற்ற கனம். 200 மீட்டர்தான் என்றால் அது குழந்தைத் தொப்பிக்கும் பைக்கும் போகட்டும்.

பருத்தியில் மெர்சரைஸ் செய்தது (காரக் கரைசலில் பதப்படுத்தியது) எனக்குப் பிடிக்கும். பளபளப்பு இருக்கும், நூல் பிசிறாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரியும். மூங்கில் நூல் என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது கூழைக் கரைத்து இழுத்த செயற்கை இழை. அதுபோல அழகாக விழுகிற நூல் குறைவு. ஆனால் ஈரத்தில் விஸ்கோஸ் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். முறுக்கிப் பிழியவே கூடாது. பட்டு வழுக்கும், நீளவாக்கில் வளரும். மரஊசியில் பின்னினால் கட்டுக்குள் நிற்கும். காஞ்சிபுரத் தறிக்கான பட்டு இழையை வாங்கி ஊசியில் பின்னலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அது மிக மெல்லிசு, பல இழைகளைச் சேர்த்தாலும் ஊசி நுனியில் பிரியும்.

ஃபேன்சி ஸ்டோர்களில் 'உல்லன்' என்று தருவது பல நேரம் அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம்போல் எரியும். அக்ரிலிக் மோசமான நூல் என்று சொல்லமாட்டேன், துவைக்க எளிது, நிறமும் நிற்கும். சென்னை வியர்வையில் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகராது என்பதுதான் தொல்லை. தண்ணீரில் நனைத்து உருவம் கொடுக்கவும் முடியாது. இஸ்திரிப்பெட்டியை 2 செ.மீ. உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டவேண்டும். பெட்டி தொட்டுவிட்டால் அந்த இடம் நிரந்தரமாகத் தளர்ந்துபோகும்.

வாங்கும்போது எல்லா உருண்டையிலும் டை லாட் எண் (ஒரே முறை சேர்த்துச் சாயமேற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடை வெளிச்சத்தில் தெரியாத வித்தியாசம் சால்வையை விரித்ததும் கோடுபோட்டுக் காட்டும். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், இரண்டு உருண்டைகளையும் 2 வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

ஊசி எண்ணில் ஒரு பொறி

நம் ஊரில் பலர் முதலில் கையில் எடுப்பது போனி ஊசியைத்தான். அது நீலகிரியில் கேத்தியில் தயாராவது. பழைய போனி ஊசிகளில் இருப்பது பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 10 என்றால் 3.25 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ., 6 என்றால் 5 மி.மீ. அமெரிக்க எண் நேர் எதிர். அங்கே 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5 மி.மீ. அமெரிக்கப் பேட்டர்னில் '8' என்று படித்துவிட்டு நம் 8-ஆம் ஊசியை எடுத்தால் சால்வை நினைத்ததைவிடச் சிறிதாக, விறைப்பாக வரும். மி.மீ. கணக்கை மட்டும் நம்புங்கள்.

4-ப்ளை நூலுக்கு (மேலே சொன்ன மெல்லிய கனம்) லேபிள் 3 அல்லது 3.25 மி.மீ. என்று சொல்லும். அது ஸ்வெட்டருக்கும் காலுறைக்கும். சால்வைக்கு 4 மி.மீ. எடுங்கள். முடிவில் 400 கண்ணிக்குமேல் ஊசியில் இருக்கும் என்பதால் நேர் ஊசி உதவாது. 100 செ.மீ. கேபிள் (இரு ஊசி முனைகளை இணைக்கும் வளையும் இழை) உள்ள வட்ட ஊசி வேண்டும். எடை மடியில் உட்கார்ந்துகொள்வதால் மணிக்கட்டும் தப்பிக்கும். கை வியர்ப்பவர்களுக்கு உலோகத்தைவிட மூங்கில் ஊசி நல்லது.

மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்காதீர்கள். 40 கண்ணி, 15 செ.மீ. உயரம் போதும். பின்னி, துவைத்து, காய்ந்தபின் இரண்டு கிளிப்பில் ஓர் இரவு தொங்கவிட்டு அதற்குப் பிறகு அளவெடுங்கள். பருத்தி எவ்வளவு நீளும் என்பது அப்போதுதான் தெரியும். அந்தத் துண்டை முழங்கையில் போட்டுப் பாருங்கள். வளைந்து படிந்தால் சரி. கூடாரம்போல் நின்றால் ஊசியை அரை மி.மீ. கூட்டுங்கள்.

எந்தக் கண்ணி

பழைய பனியனை வெட்டி விளிம்பை இழுத்தால் உடனே சுருண்டுகொள்ளும். திருப்பூர் இயந்திரம் பின்னுவதும் நாம் ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று பின்னுவதும் ஒரே அமைப்பு, ஸ்டாக்கிங் ஸ்டிச். முன்பக்கக் கண்ணியும் பின்பக்கக் கண்ணியும் வேறு வேறு அகலம் கேட்பதால் துணி ஒரு பக்கமாக வளைகிறது. இஸ்திரி போட்டு இதை நிறுத்த முடியாது. முழுச் சால்வையையும் இப்படிப் பின்னினால் இரண்டு ஓரமும் குழாயாகிவிடும். பருத்தியில் இன்னொரு குறையும் தெரியும்: பர்ல் வரிசை கொஞ்சம் தளர்ந்து, குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். கம்பளியின் மீள்தன்மை மறைத்துவிடும் இந்தக் குறையைப் பருத்தி மறைக்காது.

கார்ட்டர் ஸ்டிச், அதாவது எல்லா வரிசையும் நிட், சால்வைக்கு மிகப் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. சுருளாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலிருக்கும். இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு. அந்த மேட்டின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறத்தாழச் சமம். முக்கோணக் கணக்கு முழுவதும் இந்தச் சமத்தில்தான் நிற்கிறது.

லேஸ் அழகுதான், ஆனால் வளையல், புடவை ஊக்கு, ஜரிகை முனை எல்லாம் பெரிய ஓட்டைகளில் மாட்டும். உடல் முழுக்க லேஸ் வைக்காமல் கீழ்க்கரைக்கு மட்டும் வைத்தால் சால்வை நாள்படும். க்ரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னுவது) கரையும் போடலாம். அது தெரிந்த கைகள் இந்த ஊரில் ஏராளம். சென்னையின் மதர் இந்தியாஸ் க்ரோஷே குவீன்ஸ் குழு 2016 ஜனவரியில் நேரு உள்விளையாட்டு அரங்கில் 11,148.5 சதுர மீட்டர் க்ரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தது. ஆனால் அதே நூலில் க்ரோஷே துணி பின்னலைவிடத் தடிமனாக வரும். சால்வையில் ஓரிரு வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முக்கோணம்

மேலிருந்து கீழாகப் பின்னும் முக்கோணத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் பேட்டர்ன் வாங்கவே தேவையில்லை.

3 கண்ணி ஏற்றி 6 வரிசை நிட். துண்டைத் திருப்பி, பக்க ஓரத்தில் மேட்டுக்கு ஒன்றாக 3 கண்ணி எடுத்து, தொடக்க ஓரத்தில் இன்னும் 3 எடுங்கள். மொத்தம் 9. இப்போது முன்பக்க வரிசை: 3 நிட், யார்ன் ஓவர் (நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுப் போட்டு ஒரு கண்ணி கூட்டுவது), 1 நிட், யார்ன் ஓவர், நடுக்கண்ணி 1 நிட், யார்ன் ஓவர், 1 நிட், யார்ன் ஓவர், 3 நிட். 13 ஆகும். பின்பக்க வரிசை முழுக்க நிட். நடுக்கண்ணிக்கு மார்க்கர் போடுங்கள். இனி ஒவ்வொரு முன்பக்க வரிசையிலும் அதே நான்கு இடங்களில் யார்ன் ஓவர், ஒவ்வொரு மேட்டுக்கும் 4 கண்ணி கூடும். ஓட்டை வரிசை வேண்டாம் என்றால் திரும்பி வரும்போது அந்த யார்ன் ஓவரைப் பின்கால் (வளையத்தின் பின்பக்க இழை) வழியாக நிட் செய்து முறுக்கிவிடுங்கள்.

எந்த நேரத்திலும் ஊசியில் இருக்கவேண்டியது: 9, அதோடு மேடுகளின் எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கியது. 110 மேட்டில் 449 கண்ணி. மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி இருந்தால் ஒரு மேடு அரை செ.மீ. நடுமுதுகு நீளம் வேண்டுமானால் மேடு எண்ணிக்கையை மேட்டின் உயரத்தால் பெருக்கி, மறுபடி 1.41-ஆல் பெருக்குங்கள்: 110 × 0.5 × 1.41, ஏறக்குறைய 78 செ.மீ. மேல் ஓரம் அதில் இரு மடங்கு, 156 செ.மீ. சராசரி உடம்புக்குத் தோளைச் சுற்றி முன்னால் முடிச்சுப் போட இது போதும். நூல் 650 முதல் 750 மீட்டர் பிடிக்கும், அதாவது 100 கிராம் உருண்டை இரண்டு.

அடிக்கடி நேரும் கோளாறு மேல் ஓரம் இறுகிப்போவது. சால்வை பூமராங்போல் வளையும். ஓரம் சுத்தமாக வரட்டும் என்று முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்துவதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டு வரிசை உயரத்துக்கு ஒரே கண்ணி இழுபடுகிறது. எல்லா வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னுங்கள். அப்படியும் இறுகினால் முன்பக்க வரிசையில் முதல் கண்ணிக்கு அடுத்து ஒரு யார்ன் ஓவர் போட்டு, திரும்பி வரும்போது அதைப் பின்னாமல் நழுவவிடுங்கள். ஓரத்துக்குக் கொஞ்சம் நூல் கூடுதலாகப் போய்ச் சேரும்.

அடுத்தது மறந்துபோன யார்ன் ஓவர். 10 மேட்டுக்கு ஒருமுறை நடுக்கண்ணிக்கு இருபுறமும் எண்ணுங்கள். ஓரத்து 3 கண்ணி நீங்கலாக ஒவ்வொரு பாதியிலும் மேடுகளின் இரு மடங்கோடு ஒன்று இருக்கவேண்டும். ஒரு பாதியில் குறைந்தால் விட்ட இடத்தில் இரு கண்ணிக்கு நடுவே ஓடும் நூலைத் தூக்கி ஊசியில் மாட்டிச் சரிசெய்யலாம். ஒன்றிரண்டு மேட்டுக்குள் கண்டுபிடித்தால் அந்தத் தழும்பு தெரியாது.

கரைக்கு ஷெட்லாண்டின் இறகு-விசிறி லேஸை எடுத்துக்கொள்வோம். 18 கண்ணிக்கு ஒரு மடக்கு: இரண்டை ஒன்றாக நிட் 3 முறை, பிறகு யார்ன் ஓவரும் 1 நிட்டும் 6 முறை, மறுபடி இரண்டை ஒன்றாக நிட் 3 முறை. குறைந்தது 6, கூடியது 6, எண்ணிக்கை மாறாது. இது மூன்றாம் வரிசை. முதல் வரிசை நிட், இரண்டாவது பர்ல், நான்காவது நிட். 99 மேட்டில் ஒவ்வொரு பாதியிலும் 199 கண்ணி இருக்கும். 11 மடக்குக்கு 198 போக, மீதி ஒன்றை நடுக்கண்ணியை ஒட்டி வெறும் நிட்டாக வையுங்கள். அங்கே தொடங்கி நான்கு வரிசைகளை 4 முறை செய்தால் 107 மேடு. நான்கு அதிகரிப்புகளும் வழக்கம்போல் தொடரும், அதில் புதிதாக வரும் கண்ணிகளை லேஸுக்குள் இழுக்காமல் வெறுமனே பின்னுங்கள். கடைசியாக ஒரு கார்ட்டர் மேடு போட்டு 441 கண்ணியோடு முடிக்கலாம். லேஸ் தொடங்கும் முன் மெல்லிய வேறு நிற நூலை ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிக்குள்ளும் கோத்து விட்டுவிடுங்கள். பருத்தி வழுக்கும், நழுவிய கண்ணி பல வரிசை கீழே ஓடிவிடும். இந்த நூல் இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

நிறம்

முக்கோணத்தில் ஒவ்வொரு மேடும் முந்தையதைவிட நீளம். பாதி மேடுகள் முடிந்தபோது கால்வாசி நூல்தான் செலவாகியிருக்கும். பாதி நூல் தீர்வது 110-இல் 78-ஆம் மேட்டில். மூன்று நிறத்தில் சம அளவு நூல் வைத்திருப்பவர் மேடுகளை மூன்றாகப் பிரித்தால் மூன்றாவது நிறம் நடுவழியில் தீரும். சரியான இடம் 64-ஆம் மேட்டிலும் 90-ஆம் மேட்டிலும் நிறம் மாற்றுவது. கடைசி நிறத்துக்கு 20 மேடுதான், அகலம் 10 செ.மீ. ஆனாலும் அணிந்தால் கண்ணில் படுவது அதுதான்: முதுகில் கீழ்க்கரை முழுவதும், முன்னால் தொங்கும் இரண்டு நுனிகளும் அந்த நிறம். முதல் நிறம் பிடரியில் உட்காரும். தலை எண்ணெய் படும் இடம் என்பதால் அங்கே வெளிர் நிறம் வேண்டாம்.

நிறம் சேர்ப்பதற்கு நமக்குக் காஞ்சிபுரம் இருக்கிறது. மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை எடுபடுவது நிறம் வேறு என்பதால் மட்டுமல்ல, ஒன்று வெளிச்சம், மற்றது அடர்த்தி. உருண்டைகளை அடுக்கிக் கைப்பேசியில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கோடு போட்டாலும் தூரத்தில் கலங்கிவிடும். கிளிப்பச்சையும் ஆரஞ்சும் பல நேரம் இப்படி ஏமாற்றும்.

மயில் கழுத்து நிறத்தை மட்டும் பின்னலில் அப்படியே கொண்டுவர முடியாது. தறியில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், இரண்டும் குறுக்கே வெட்டுவதால் பார்க்கும் கோணம் மாறும்போது நிறம் மாறுகிறது. பின்னலில் ஒரே நூல்தான் வளைந்து வளைந்து போகிறது. நீலத்தையும் பச்சையையும் மெல்லிய இரட்டை இழையாகச் சேர்த்துப் பின்னினால் புள்ளி புள்ளியாகக் கலந்த நிறம் வரும், மின்னாது. இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் அந்தக் கலவை மிக அழகு. அடர்த்தி தூரமாக இருந்தால் உப்பும் மிளகும்தான்.

பல நிறம் சாயமேற்றிய உருண்டையை லேஸில் வீணாக்காதீர்கள். நிறம் லேஸை மறைக்கும், லேஸ் நிறத்தைக் குழப்பும். கார்ட்டரே அதற்குப் போதும். கழுத்தருகே நிறங்கள் திட்டுத் திட்டாகவும், வரிசை நீள நீள மெல்லிய கோடுகளாகவும் விழும். அது நூலின் குறையல்ல, ஒரே நீள நிறம் நீண்ட வரிசையில் பரவுவதால் வருவது.

கார்ட்டரில் நிறத்தை முன்பக்க வரிசையில் மாற்றினால் முன்னால் நேர்கோடு, பின்னால் இரு நிறமும் கலந்த விட்டுவிட்ட கோடு. எல்லா மாற்றத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டால் பின்பக்கமும் திட்டமிட்டதுபோல் தெரியும். அரக்கு, மெஜந்தா, கருநீலம் சாயம் விடும். நூலில் ஒரு முழம் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சோதியுங்கள். கறை படிந்தால் வெள்ளையோடு அதைச் சேர்க்கவேண்டாம்.

முடிப்பது

முடிக்கும் வரிசை இறுகினால் அதுவரை செய்த எல்லாம் பாழ். 5 மி.மீ. ஊசிக்கு மாறி, 2 கண்ணி நிட் செய்து, இரண்டையும் இடது ஊசிக்குத் திருப்பி, பின்கால் வழியாக ஒன்றாக நிட். பிறகு 1 நிட், திருப்பி, மறுபடி ஒன்றாக. கீழ்க்கரை 2 மீட்டருக்குமேல் இருப்பதால் இதற்குக் கரையைப்போல் நான்கு மடங்கு நூலும் கொஞ்சம் மிச்சமும் வேண்டும். சமையலறைத் தராசில் உருண்டையை நிறுத்துப் பாருங்கள். 5 கிராம் மீதி இருக்கும்போது எந்த மேட்டில் இருந்தாலும் முடித்துவிடுவது பத்திரம்.

நூல் முனைகளை 10 செ.மீ. விட்டு மேடுகளுக்குள் போகவும் வரவும் கோத்துவிடுங்கள். பருத்தி வழுக்குவதால் ஒரே திசையில் கோத்த முனை முதல் துவைப்பில் வெளியே வரும். வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, பாயின்மேல் பழைய வெள்ளை வேட்டி விரித்து அதில் பரப்புங்கள். முதலில் மேல் ஓரத்தை நேராக்கி, பிறகு நடுமுதுகு நுனி, அப்புறம் கரையின் ஒவ்வொரு விசிறியும். துருப்பிடிக்காத குண்டூசி மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய இரண்டு நாள்கூட ஆகும். மின்விசிறி போதும், மொட்டை மாடி வெயில் சாயத்தை வெளுக்கும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை வாங்கியும் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அவசரப்பட்டு மடித்து வைத்தால் பூசண நாற்றம் வரும்.

ஹேங்கரில் மாட்டாதீர்கள், பருத்தியும் பட்டும் தோள் இடத்தில் புடைத்து நீண்டுவிடும். மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கம்பளி என்றால் கூடவே அந்துருண்டை, துணியில் பொதிந்து, நூலைத் தொடாமல்.